லூயிசா டீச்சர் மகளின் கால்

காயம் ஆறுவதில் நான்கு கட்டங்கள் உண்டு என்பது ஈவ்லினுக்கு மனப்பாடம். உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். தேர்வில் இந்தக் கேள்வி வந்தபோது படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அம்புக்குறிக்கு வண்ணமும் தீட்டினாள். ஆனால் கச்சேரி ரோட்டில் ஒரு தகரத் தடுப்புக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, தன் காலிலிருந்து வழியும் இரத்தம் செருப்பை நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டம்கூட நினைவுக்கு வரவில்லை. ‘அந்தம்மா போயிட்டாங்களா?’ என்பது மட்டுமே தோன்றியது.

அந்தம்மா என்பது சுப்புலக்ஷ்மி மேடம். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அங்கே அறிவியல் ஆசிரியை ஒருவர் பிரசவத்துக்குப் போக, அந்த இடத்துக்கு ஈவ்லின் மனுப் போட்டிருந்தாள். நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் மேஜை விளிம்பைப் பார்த்தபடி சரியான பதில் சொன்னாள். “விஷயம் இருக்கு. ஆனா பிள்ளைங்க முன்னால வாய் திறப்பியா?” என்று கேட்ட மேடம், அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார். தலைப்பு, ஒளிச்சேர்க்கை.

இதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்களில் இந்தக் கட்டம்வரை வந்திருக்கிறாள். ஒன்றில் பாடம் முழுவதையும் கரும்பலகையைப் பார்த்தே நடத்தினாள். கரும்பலகைக்கு நன்றாகப் புரிந்திருக்கும். இன்னொன்றில் வாசல்வரை போய், காவலாளியிடம் மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். வீட்டிலோ அவள் பேச்சாளி. தம்பி ஆஸ்வினுக்குத் தும்மல் வந்தால் தும்மல் எப்படி உருவாகிறது என்று சொல்லி முடிக்காமல் விடமாட்டாள். பாடம் நடத்துவதைப்போல அவளுக்குப் பிடித்த வேலை உலகத்தில் வேறில்லை. அதைச் செய்ய எதிரில் ஆட்கள் இருக்கவேண்டும் என்பதுதான் சிக்கல். மூன்றாவதும் போனால் இனி பள்ளிக்கூடம் இருக்கும் தெருவிலேயே நடப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அன்று பூக்கடை ஓரமாக நின்று மேடம் மல்லிகை விலை கேட்டுக்கொண்டிருந்தார். ஈவ்லின் எதிரே வந்தாள். செய்யவேண்டியது ஒன்றுதான். ‘வணக்கம் மேடம்’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகவேண்டும். ஆனால் சொன்னால் அவர் ஏதாவது கேட்பார். பதில் சொல்லவேண்டும். பதிலுக்குப் பிறகு சிரிக்கவேண்டும். எவ்வளவு சிரிப்பது, எப்போது நிறுத்துவது, முதலில் யார் நகர்வது? இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஈவ்லின் பக்கத்தில் பார்த்தாள். ரோட்டைத் தோண்டி, சுற்றிலும் தகரத் தடுப்பு நிறுத்தியிருந்தார்கள். ‘உள்ளே வராதீர்கள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்தவள் உள்ளே போனாள்.

தகரத்தின் அடி விளிம்பு துருப்பிடித்து மடங்கியிருந்தது. அது அவளுடைய இடது குதிகாலின் பக்கவாட்டை வாழைப்பழத் தோல்போல உரித்துத் தொங்கவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தினால் மேடம் திரும்பிப் பார்ப்பார்.

சாயங்காலம் ஆஸ்வின் அவளை ஸ்கூட்டரில் ஏற்றி டாக்டர் குலாம் முகம்மதுவிடம் கொண்டுபோனான். சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் பாதிப் பேருக்குக் காய்ச்சல் பார்த்தவர் அவர்.

“எப்பம்மா அடிபட்டுச்சு?”

“காலையில.”

“இப்ப விளக்கு வச்சாச்சு. இவ்ளோ நேரம் என்ன பண்ணின?”

“கழுவினேன்.”

“டாக்டர், இவ ஆட்டோவைக் கூப்பிட வெட்கப்பட்டுக்கினு நொண்டிக்கினே வீட்டுக்கு வந்துட்டா,” என்றான் ஆஸ்வின்.

டாக்டர் விளக்கை இழுத்துக் காயத்துக்குள் பார்த்தார். “துரு, மண்ணு, ரோட்டுல இருக்கற அத்தனையும் உள்ள போயிருக்கு. இப்ப தையல் போட்டா திருடனை உள்ள வச்சுப் பூட்டினாப்ல ஆயிடும். சுத்தம் பண்ணித் தொறந்தே விட்டுடறேன். அடியிலேர்ந்து அதுவா நிரம்பி மேல வரும். நாளாகும். பரவால்ல.”

“செகண்டரி இன்டென்ஷன்,” என்று அதன் பாடப்புத்தகப் பெயரைச் சொன்னாள் ஈவ்லின், தனக்கே கேட்காத குரலில்.

டாக்டர் நிமிர்ந்தார். “என்ன படிச்சிருக்க?”

சொன்னாள்.

“அப்ப உனக்கு நான் ஒண்ணும் சொல்லவேண்டியதில்லை,” என்றார் டாக்டர். அவ்வளவு அனுபவம் உள்ள மனிதர் எப்படித்தான் அந்த முடிவுக்கு வந்தாரோ! “ஒருநாள் விட்டு ஒருநாள் இங்க வந்து கட்டு மாத்திக்கோ. நடுவுல தொடாத. அவ்வளவுதான்.”

பள்ளிக்கூடத்துக்கு அம்மாதான் போன் செய்தாள். லூயிசா டீச்சர் என்றால் அந்தத் தேவாலயப் பங்கில் தெரியாதவர் கிடையாது. முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். கோயிலில் மைக் வேலை செய்யாவிட்டால் அம்மாவை வாசகம் படிக்கக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட குரலில் மகளின் காலைப் பற்றி மேடத்துக்கு விளக்கிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

“நல்லா ஆறினப்புறம் வரட்டும்னாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்.”

ஈவ்லினுக்குக் காலில் வலி, மனதில் கோடை விடுமுறை.

உடம்பு வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. இரத்தக் குழாய்கள் சுருங்கி, தட்டணுக்கள் ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடைத்து, வலை பின்னி, ஒழுக்கை நிறுத்திவிட்டன. அடுத்ததாக வெள்ளணுக்கள் வந்து துருவையும் மண்ணையும் செத்த திசுக்களையும் விழுங்கிச் சுத்தம் செய்தன. வீக்கமும் சூடும் அவற்றின் கைங்கரியம். அதன்பின் நார்களை நெய்கிற செல்கள் வந்து சேர்ந்தன. இதற்கெல்லாம் யாரும் ஈவ்லினிடம் அனுமதி கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் மேஜை விளிம்பைப் பார்த்திருப்பாள்.

மூன்றாம் நாள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தாள். புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தது, தன் காலிலேயே வண்ணத்தில் இருக்கிறது! பார்க்காமல் எப்படி இருப்பது? குழியின் அடியில் மாதுளை முத்துகளைப்போலச் சிவப்பாகப் புதுத் திசு முளைத்திருந்தது. ஒவ்வொரு முத்திலும் புது இரத்தக் குழாய். அவளுக்குப் புல்லரித்தது. போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஒட்டியிருந்த துணியை இழுத்தபோது முத்துகளில் சில துணியோடு வந்துவிட்டன. கொஞ்சம் இரத்தம். அறிவியலில் இதெல்லாம் சகஜம்.

மறுநாளும் பிரித்தாள். அதற்கு மறுநாளும்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. தெருவில் உள்ள பத்துப் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிப்பதும் பிறகு டீ குடிப்பதும் வழக்கம். ஈவ்லின் வழக்கமாக டீ போடும் சாக்கில் சமையலறையில் இருந்துவிடுவாள். இந்தமுறை கால் இருந்ததால் அவளைக் கூடத்தின் நடுவே நாற்காலியில் உட்காரவைத்து, காலை ஒரு ஸ்டூலில் ஏற்றியிருந்தார்கள். பீடத்தில் வைத்ததுபோல் இருந்தது.

“எங்கள் மகள் ஈவ்லினின் கால் விரைவில் குணமாக வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்,” என்றாள் அம்மா.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றது கூடம்.

ஈவ்லின் கூரை விசிறியைப் பார்த்தாள்.

ஜெபம் முடிந்ததும் வைத்தியம் ஆரம்பமானது. கத்திரிக்காய் அரிக்கும் என்றார் ஒருவர். புளி சேர்த்தால் சீழ் வைக்கும் என்றார் மற்றவர். கருவாட்டைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது, பூசணி நீர் கோக்கும், முட்டை சூடு. டீ ஆறுவதற்குள் அவளுக்குச் சாப்பிட மிச்சமிருந்தது பால் ரொட்டி மட்டும்தான். எதிர்வீட்டு ஜெபமாலை அங்கிள், “காலுக்குக் கால்தான் மருந்து, ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடு டீச்சர்,” என்று ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

அப்போதுதான் அம்மா அறிவித்தாள். “மாதாகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். கால் சரியாயிட்டா கொடியேத்தம் அன்னிக்கு இங்கேர்ந்து பெசன்ட் நகர் கோயிலுக்குச் செருப்பில்லாம நடக்கறதா.”

“ரொம்ப நல்லது டீச்சர். உங்க முழங்காலோட நீங்க அவ்ளோ தூரம்…”

“நான் இல்ல. இவ.”

எல்லோரும் காலைப் பார்த்தார்கள்.

ஈவ்லின் அன்று இரவுச் சாப்பாட்டின்போது பொங்கினாள். “புதுத் தோல் எவ்ளோ ஆறினாலும் பழைய தோலோட பலத்துல எண்பது சதவீதம்தான் வரும், அதுக்கே மாசக்கணக்காகும். கால் ஆறினதுக்கு நன்றி சொல்ல, ஆறின காலைத் தார் ரோட்டுல வச்சுத் தேய்க்கணுமா? டாடி, நீங்களாவது சொல்லுங்க.”

அப்பா ஹென்றி தட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. “உங்கம்மாவுக்கும் மாதாவுக்கும் நடுவுல நான் என்னிக்குப் போயிருக்கேன்?”

“இவ்ளோ பேசறியே,” என்றாள் அம்மா. “இதுல பாதியை அந்த ஸ்கூல்ல பேசேன்.”

ஈவ்லின் பால் ரொட்டியை மென்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், யாரும் அவளை நலம் விசாரிக்கவில்லை. “கால் எப்படி இருக்கு?” “கால் வந்திருக்கா?” “கால் ராத்திரி தூங்கிச்சா?” என்று காலைத்தான் விசாரித்தார்கள். இருபத்துநாலு வருஷமாக அவளால் முடியாததை அந்தக் கால் பத்தே நாளில் சாதித்திருந்தது. ஊர் முழுக்க அதற்குப் பழக்கம்.

டாக்டர் குலாம் முகம்மதுவுக்கு மட்டும் காலின்மேல் திருப்தி இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.

“இந்நேரம் இது பாதி மூடியிருக்கணுமே. சுகர் இல்ல. சீழ் இல்ல. ஓரத்துலேர்ந்து தோல் நகர்ந்து வருது, ஆனா நடுவுல யாரோ மேய்ஞ்சிருக்காங்க.” கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “பிரிச்சுப் பாக்கறியா?”

“பார்க்க மட்டும்தான் செய்றேன் டாக்டர்.”

“எத்தனை தடவை?”

அவள் கட்டில் விளிம்பைப் பார்த்தாள்.

“ஏம்மா, நம்ம ரோடு எப்படித் தோண்டறாங்க பாத்திருக்கியா? ஒருத்தன் வந்து தார் போட்டு முடிப்பான். காயறதுக்குள்ள இன்னொருத்தன் வந்து கேபிளுக்குத் தோண்டுவான். அவன் மூடினா தண்ணிக் குழாய்க்காரன். உன் கால்ல ரோடு போடறதும் உன் உடம்புதான், தோண்டறதும் நீதான். அந்தச் செல்லுங்க பாவம், சங்கம் வச்சிருந்தா இந்நேரம் ஸ்டிரைக் பண்ணியிருக்கும்.”

சொல்லிவிட்டு, மருந்து வைத்து, பிளாஸ்டரை இறுக்கி ஒட்டினார். பிறகு பேனாவை எடுத்து, பிளாஸ்டரும் தோலும் சேரும் இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். தேதியும் எழுதினார். “வினாத்தாள் கட்டுக்குச் சீல் வைக்கற மாதிரி. அடுத்த வாரம் நான்தான் பிரிப்பேன். கையெழுத்து உடைஞ்சிருந்தா உங்க டீச்சரம்மாகிட்ட சொல்லிடுவேன்.”

வீட்டுக்குப் போகும் வழியில் ஆஸ்வின் ஸ்கூட்டரை ஓட்டியபடி கேட்டான். “ஏன்டி நோண்டின?”

“ஆர்வம்.”

“இன்னா ஆர்வம்? ஆறிட்டா கிளாஸ் எடுக்கப் போகணும். அதான?”

பட்டினப்பாக்கம் காற்றில் காதில் விழாததுபோல் இருந்துவிட்டாள்.

“உன் கால்ல இருக்கற செல்லுக்கெல்லாம் உன்னைவிடப் பொறுப்பு கீது மச்சி,” என்று கத்தினான் அவன். அது நன்றாகவே விழுந்தது.

இவ்வளவு படித்ததற்கு, இதைத் தம்பி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல். குளியலறையில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது திசு வளர்கிறதா என்பதை அல்ல. வளர்ந்துவிட்டதோ என்பதை. காயம் மூடினால் கதவு திறந்துவிடும். நாற்பது பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதைத் தள்ளிப்போட அவளிடம் இருந்த ஒரே விடுப்புக் கடிதம் அந்தக் குழிதான். அதைத்தான் ஒவ்வொரு நாளும் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்டருக்குள் அரித்தது. ஆறுகிற புண் அரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அறிவுக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. விரல் டாக்டரின் கையெழுத்துவரை போய்விட்டுத் திரும்பியது. உள்ளே, இருட்டில், யாரும் பார்க்காத இடத்தில், ஓரத்துச் செல்கள் ஒன்றையொன்று தொடும்வரை நகர்ந்துகொண்டிருந்தன. தொட்டதும் நின்றுவிடும். அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். எவ்வளவு சிரிப்பது, யார் முதலில் நகர்வது என்றெல்லாம் அவை கவலைப்படுவதில்லை.

அடுத்த வாரம் டாக்டர் பிரித்தபோது குழி இல்லை. பளபளவென்று ரோஜா நிறத்தில் ஒரு பிறை.

“பாத்தியா? ஒண்ணுமே செய்யாம இருந்தேல்ல, அதான்,” என்றார். அம்மா கேட்கச் சொன்னதால், ஈவ்லின் வெறுங்காலோடு நடப்பதைப்பற்றிக் கேட்டாள். “பெசன்ட் நகருக்கா? இந்தத் தோல் பொறந்த குழந்தைம்மா. நல்ல ஷூவா போட்டுக்கோ. மாதாகிட்ட டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும்னா தர்றேன்.”

அம்மா மறுபேச்சுப் பேசாமல் அன்றே மேடத்துக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை மாதிரி வகுப்பு. வெள்ளிக்கிழமை கொடியேற்றம்.

எட்டாம் வகுப்பில் கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கான சின்ன பெஞ்சில், சுப்புலக்ஷ்மி மேடம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கையில் பேனா. ஈவ்லின் பலகையில் ஒளிச்சேர்க்கை என்று எழுதினாள். கடைசி எழுத்தில் சாக்பீஸ் உடைந்தது. திரும்பினாள். அத்தனை கண்களும் அவள்மேல்.

இராப்பகலாக மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் காணாமல் போயிருந்தது. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பயத்தில் உமிழ்நீர் ஏன் வற்றுகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அதைச் சொல்லவும் உமிழ்நீர் தேவைப்பட்டது. விசிறி கடகடத்தது. யாரோ பென்சில் பெட்டியைத் திறந்து மூடினார்கள். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் கண் தேடியது.

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி, பெயர் அனுப்ரியா என்று சட்டையில் குத்தியிருந்தது, பெஞ்சுக்கு வெளியே சாய்ந்து கீழே பார்த்தாள்.

“மிஸ், கால்ல என்ன மிஸ்?”

“அடி.” சொல் வெளியே வந்துவிட்டது.

“எப்படி மிஸ்?”

“தகரம் கிழிச்சிடுச்சு.”

“எங்க மிஸ் இருந்துச்சு தகரம்?”

இந்தப் பெண் வக்கீலாகத்தான் வருவாள் என்று ஈவ்லினுக்குத் தோன்றியது. “ரோட்டுல. தகரத்துக்குப் பின்னால ஒளிஞ்சேன்.”

வகுப்பு நிமிர்ந்தது. “எதுக்கு மிஸ் ஒளிஞ்சீங்க?”

பொய் சொல்லலாம். நாய் துரத்தியது என்றால் போதும். ஆனால் பொய்யைக் கட்டி எழுப்ப நேரமாகும். உண்மை தயாராக இருந்தது.

“ஒருத்தங்களுக்கு வணக்கம் சொல்லணும். சொல்லப் பயமா இருந்துச்சு.”

சிரிப்பு வெடித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “நாங்களும் மேடத்தைப் பாத்தா அப்படித்தான் மிஸ் ஒளிவோம்!” என்றது. மேடம் அங்கேயே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து அந்தக் குரல் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. சிரிப்பு இரண்டு மடங்கானது. ஈவ்லின் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிந்தது கதை.

“இரத்தம் வந்துச்சா மிஸ்?”

“வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. யார் நிறுத்தினாங்க சொல்லுங்க?”

“டாக்டர்!”

“டாக்டர்கிட்ட சாயங்காலம்தான் போனேன். அதுக்கு முன்னாலயே நின்னுடுச்சு. உங்கள்ல யாருக்கெல்லாம் தழும்பு இருக்கு?”

அவ்வளவுதான். முழங்கால்கள் பெஞ்சுமேல் ஏறின. கைகள் மடித்துக் காட்டப்பட்டன. சைக்கிளிலிருந்து விழுந்தது, இட்லி பானை சுட்டது, அண்ணன் கடித்தது. ஒவ்வொரு தழும்பும் ஒரு வழக்கு. ஈவ்லின் வரிசைகளுக்கு நடுவே புகுந்து போய்ப் பார்த்தாள். கடித்த தழும்பில் பல்வரிசையை எண்ணிக் காட்டினாள். தட்டணுக்களாக நாலு பேரை நிறுத்தி வாசலை அடைக்கச் சொன்னாள். வெள்ளணுவாக வந்தவன் குப்பைத்தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். இரண்டு ஓரங்களிலிருந்தும் பிள்ளைகள் நகர்ந்து வந்து நடுவில் கைகளைத் தொட்டதும் நிற்கவேண்டும். “தினமும் பிரிச்சுப் பாத்தா என்ன ஆகும்?” என்று கேட்டு, என்ன ஆகும் என்பதையும், பிரித்துப் பார்த்தது யார் என்பதையும் சொன்னாள். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை.

பிள்ளைகள் போனபின் பார்த்தால், பலகையில் ஒளிச்சேர்க்கை என்ற ஒற்றைச் சொல் தனியாக நின்றுகொண்டிருந்தது.

மேடம் சின்ன பெஞ்சிலிருந்து சிரமப்பட்டு எழுந்து வந்தார். “உனக்குக் குடுத்த தலைப்பு என்ன?”

“ஒளிச்சேர்க்கை மேடம்.”

“ஒரு இலைகூட வரலையே.”

“வரல மேடம்.”

“ம்.” அவர் பலகையைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். யாரைக் கண்டு ஒளிந்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்று ஈவ்லின் அந்தக் காலை மற்றதன் பின்னால் இழுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. “சொல்லி அனுப்பறேன்,” என்று மட்டும் சொன்னார்.

சொல்லி அனுப்பறேன் என்றால் என்ன பொருள் என்று வேலை தேடுகிற எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வாய் திறந்தாள், அதுவும் வேறு பாடத்துக்கு. வீடு வந்து அம்மாவிடம், “போச்சு,” என்றாள். அம்மா திட்டுவாள் என்று பார்த்தால், “பேசினியா?” என்று மட்டும் கேட்டாள். பேசினேன் என்றதும் உள்ளே போய், மாதா கோயிலுக்கு நடப்பவர்கள் உடுத்தும் காவிச் சேலையை மறுநாளைக்கு எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மாதான் செருப்பில்லாமல் நடந்தாள். “கால் யாருதுன்னா மாதா பாக்கப்போறாங்க? வேண்டிக்கிட்டது நான்தானே,” என்று கிளம்பிவிட்டாள். ஈவ்லின் ஷூ போட்டுக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் அம்மாவின் செருப்புமாகப் பின்னால் போனாள். வழியெல்லாம் காவிக் கூட்டம். அடையாறு பாலத்தின்மேல் தார் கொதித்தது. “சுடுதா?” என்று கேட்டால், “மரியே வாழ்க” என்று பதில் வந்தது. பாலம் இறங்குவதற்குள் அம்மாவின் பாதத்தில் கொப்புளம் கண்டுவிட்டது. சாஸ்திரி நகர் ஓரத்தில் ஒரு படியில் உட்கார்ந்து, அம்மா அதை நகத்தால் கீறப் பார்த்தாள்.

“அம்மா! அதை உடைக்காத. உள்ள இருக்கற தண்ணிதான் அதுக்குப் பாதுகாப்பு.”

“உடைக்கல. பாக்கத்தான் செய்றேன்.”

ஈவ்லின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மேற்கொண்டு சொல்ல அவளுக்கு யோக்கியதை இல்லை.

கோயிலுக்கு வெளியே வரிசையாகக் கடைகள். மெழுகுவத்தி, பூமாலை, நேர்ச்சைக்கு வாங்கிப்போடுகிற வெள்ளித் தகட்டு உருவங்கள். கண், கை, கால், தொட்டில், வீடு. அம்மா ஒரு காலை எடுத்து, மகளின் காலோடு ஒப்பிட்டு இடதுதானா என்று சரிபார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் குனிந்து கேட்டாள். “நாக்கு இருக்கா?”

“நாக்கு வராதுமா. தொண்டை இருக்கு. டான்சில் ஆபரேஷனுக்கு வாங்குவாங்க.”

“தொண்டை நல்லாத்தான் இருக்கு. பேச மாட்டேங்குறா, அதுக்கு.”

கடைக்காரர் ஈவ்லினை ஏற இறங்கப் பார்த்தார். “முழுப் பொம்பள உருவமா எடுத்துக்கோமா. எல்லாம் அதுல அடக்கம்.”

ஈவ்லின் கூட்டத்துக்குள் பத்தடி விலகி நின்று, அந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல் வேறு பக்கம் பார்த்தாள். அங்கே, மெழுகுவத்திக் கடையின் முன்னால், சுப்புலக்ஷ்மி மேடம் நின்றுகொண்டிருந்தார்.

அவள் கண் தானாகவே தடுப்பைத் தேடியது. போலீஸ்காரர்கள் கட்டியிருந்த சவுக்குக் கம்பு இருந்தது. ஒரு பலூன்காரர் இருந்தார். குதிகாலில் புதுத் தோல் சுருக்கென்று இழுத்தது. அடுத்த கணம் அவள் கண்டதை அவளாலேயே நம்ப முடியவில்லை. மேடமும் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகம் வெளிறியது. இடது தோளை முதலில் திருப்பி, மணி அடிக்காத போனைக் காதில் வைத்து, எதிரில் இருந்த பெயர்ப்பலகையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டே பலூன்காரருக்குப் பின்னால் நகர்ந்தார். அந்தத் திரும்பல் ஈவ்லினுக்குத் தெரியும். அது அவளுடையது. அதில் அவளைவிடத் தேர்ச்சி பெற்றவர் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஈவ்லின் பலூன்காரரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

“வணக்கம் மேடம்.”

“அட, ஈவ்லின்! நீயா? நான் கவனிக்கவே இல்லையே.” போன் இன்னும் காதில் இருந்தது. தலைகீழாக. அவரே அதைப் பார்த்து, மெல்ல இறக்கினார். “கிளாஸ்ல எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுவேன்மா. ரோட்டுல யாராவது எதிர்ல வந்தா என்ன பேசறதுன்னே தெரியாது. அன்னிக்குக் கச்சேரி ரோட்டுலகூட உன்னைத் தூரத்துலயே பாத்துட்டேன். பூ வாங்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். எங்க வீட்டு மாடியிலேயே கூடை கூடையா மல்லி பூக்குது.” பேச்சை நிறுத்தி அவள் காலைப் பார்த்தார். எதையோ கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “அந்த ஒருத்தங்க… நானா?”

“ஆமா மேடம்.”

இரண்டு பேர் ஒருவரைக்கண்டு ஒருவர் ஓடியிருக்கிறார்கள். அவர் பூக்கடைப் பக்கம் ஓடினார், இவள் தகரத்தின் பக்கம் ஓடினாள். ஓடுவதிலும் இவளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

“திங்கட்கிழமை வந்துடு,” என்றார் மேடம், பலூன்களைப் பார்த்தபடி. “இன்னிக்குக் காலையிலேர்ந்து போன் பண்ணணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். எடுத்தவுடனே என்ன சொல்றதுன்னு… பிள்ளைங்க உன்னைத்தான் கேக்குதுங்க. ஒளிச்சேர்க்கை பாக்கி இருக்கு.”

“சரி மேடம்.”

பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. ஈவ்லின் சிரித்தாள். மேடமும் சிரித்தார். எப்போது நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. யார் முதலில் நகர்வது என்றும் தெரியவில்லை. கொடி ஏறத் தொடங்கி, கூட்டம் எல்லாம் தலையை நிமிர்த்திய பிறகும் அவர்கள் அங்கேயே சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கையில் வெள்ளிக் காலும் மறு கையில் முழுப் பொம்பளையுமாக நொண்டிக்கொண்டு வந்த லூயிசா டீச்சர், “வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா!” என்று மைக் தேவைப்படாத குரலில் வந்து சேர்ந்ததும்தான் இருவருக்கும் மூச்சு வந்தது.